கொதிநிலை ஆய்வுக் குழு

நெருப்பைக் கண்டுபிடித்தவன் குகைவாசி. சூடு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கக் குழு அமைத்தவனே நாகரிக மனிதன். இந்த அளவுகோலின்படி, எண்பதுகளின் பம்பாயில் நாகரிகத்தின் உச்சாணிக் கொம்பில் அமர்ந்திருந்தது மாட்டுங்கா பாரம்பரிய ரசிகர் சபை.

சபைக்கு ஒரு கார் உண்டு. காலஞ்சென்ற முன்னாள் தலைவர் தானமாக விட்டுப்போன பழைய வண்டி. செம்பூரில் தங்கும் வித்வான்களைக் கச்சேரிக்கு அழைத்துவருவது அதன் திருப்பணி. சங்கரன் புதிய தலைவரான நாள்முதல் அது வழியிலுள்ள சயானைத் தாண்டுவதற்குள் கொதித்து நின்றுவிடும். ஒரு மிருதங்க வித்வான் தம் வாத்தியத்தைத் தாமே தோளில் சுமந்து நடந்து வந்தார். அவருடைய 'தனி' ஆவர்த்தனம் அன்று தெருவிலேயே தொடங்கிவிட்டதாகச் சபை பெருமைப்பட்டுக்கொண்டது. பிறகு குழு அமைத்தது.

குழுவின் உயிர்நாடி செயலாளர் வேங்கடசுப்ரமணியன். பகலில், சங்கரன் மேனேஜராக வீற்றிருந்த கம்பெனியில் கிளார்க். மாலையில், சங்கரன் தலைவராக வீற்றிருந்த சபையில் செயலாளர். ஆக, 'யெஸ் சார்' சொல்வதில் இடைவெளி விழ வாய்ப்பே இல்லை. அவரை ஆபீசராக உயர்த்தும் உத்தரவு சங்கரனின் மேஜைமேல் கிடந்தது. சங்கரன் பேனாவை எடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

தாராவி காசிம் பட்டறையில் ரேடியேட்டரைக் கழுவினார்கள். பம்பை மாற்றினார்கள். ஃபேன் பெல்ட்டை மாற்றினார்கள். மாற்றாமல் விட்டது தலைவரை மட்டும்தான்.

"எங்கிட்ட வந்தா சமத்தா ஓடுது," என்றார் காசிம். "உங்க கிட்ட வந்தாத்தான் கொதிக்குது. சகவாசம் சரியில்லயோ என்னமோ."

பட்டறையில் கொதிக்காததற்குக் காரணம் உண்டு. பதவியேற்றதும் சங்கரன் ஆற்றிய முதல் கலைச்சேவை, தம் பெயரும் பட்டங்களும் பொறித்த பித்தளைப் பலகையைக் காரின் முகப்பில் மாட்டியது. பட்டங்கள் ஏராளம், ஆகவே பலகை முகப்புக் கம்பிகளை அநேகமாக முழுவதும் மூடிற்று. அதற்குப் பின்னால் ரேடியேட்டர் என்றொரு ஏழை, காற்று வருமா என்று காத்துக்கிடந்தது. தாராவிக்குப் போகும்போது மட்டும் பலகையைக் கழற்றி சபை பீரோவில் பூட்டுவார்கள். தாராவியில் பித்தளை 'காணாமல் போகும்' என்பது மாட்டுங்காவின் ஐந்தாம் வேதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆண்டு விழாவுக்காகப் பலகையைக் கழற்றி, செயலாளரின் மனைவி ஷ்யாமளா புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் செம்பூரிலிருந்து அவசர அழைப்பு. பலகை இல்லாமலே போய்த் திரும்பிய டிரைவர் நெல்லையப்பன், செயலாளரை ஓரங்கட்டினார்.

"சார், ஒண்ணு கவனிச்சீயளா? போகையிலயும் கொதிக்கல, வரையிலயும் கொதிக்கல. இன்னிக்கு போர்டு இல்லல்லா."

வேங்கடசுப்ரமணியன் பானட்டைத் தொட்டுப் பார்த்தார். சுடத்தான் செய்தது, ஆனால் ஒரு சபையின் கார் சுடவேண்டிய அளவுக்குச் சுடவில்லை.

"மெதுவாப் பேசு, நெல்லையப்பா."

"கமிட்டில என்னியத்தான் சார் பிடிப்பாங்க. வண்டியக் கெடுத்தவன்னு பேரு வந்துட்டா பம்பாய்ல எவனும் சாவியத் தரமாட்டான். நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"சொல்லாம இருப்பேனா? நான் பாத்துக்கறேன்."

வாக்குக் கொடுத்த கையாலேயே பலகையைத் திரும்ப மாட்டினார். திருகுகளை வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கினார்.

குழு கூடியது. நெல்லையப்பன் எதிரே நிறுத்தப்பட்டார்.

"வண்டிக்கு என்னதான் ஆறது?" என்றார் சங்கரன்.

"சயான்கிட்ட வந்தா ஆவி கிளம்புது சார்."

பொருளாளர் ஜம்பு பம்பாயிலேயே பிறந்தவர். அவருடைய தமிழ் சினிமாக் கொட்டகையில் கற்றது. "அங்கிள், ஆவி மத்லப் பூத், பேய் தானே?"

சங்கரன் சுவரைப் பார்த்தார். அங்கே மாலைக்குள்ளிருந்து முன்னாள் தலைவர் அவரைப் பார்த்தார்.

"யாரோட ஆவி?"

"தண்ணியோட ஆவி சார்."

"தண்ணியிலயா போனார்? ஹார்ட் அட்டாக்னுதானே சொன்னா?"

அதற்குமேல் விவாதம் அறிவியல் பூர்வமாக நடந்தது. ஆவியைச் சபையிலிருந்து நீக்கலாமா என்று விதிகளைப் புரட்டினார்கள். முன்னாள் தலைவர் 'ஆயுள் உறுப்பினர்'. ஆயுள் முடிந்தால் நீக்கலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. உயிரோடும், உறுப்பினராக இல்லாமலும், நீக்குவதற்குத் தோதாக அங்கே நின்றவர் நெல்லையப்பன் ஒருவரே.

"ஆவியோ என்னவோ, இவன் கைராசி சரியில்லை," என்றார் சங்கரன். "வேற டிரைவர் பாக்கலாம். செக்ரட்டரி என்ன சொல்றேள்?"

நெல்லையப்பன் செயலாளரையே பார்த்தார். "சார், அந்த போர்டு விஷயம்..."

"எந்த போர்டு?" என்றார் சங்கரன்.

வேங்கடசுப்ரமணியன் டம்ளரை எடுத்தார். தண்ணீரையும் கொடுத்த வாக்கையும் ஒரே மடக்கில் விழுங்குவது எல்லோருக்கும் வாய்க்கும் வித்தையல்ல. அவருக்குப் புரைகூட ஏறவில்லை.

"நம்ம போர்டுதான் சார். ஷ்யாமளா புளி போட்டுத் தேச்சா. பளபளன்னு இருக்கு."

நெல்லையப்பன் சாவியை மேஜைமேல் வைத்தார். "அடிக்கடி தேய்க்கச் சொல்லுங்க சார். பித்தளைல்லா, விட்டா இளிச்சிரும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஞானிகள் மௌனத்துக்கு மோட்சம் என்றார்கள். கம்பெனி ஆபீசர் பதவி தந்தது. சபையும் சளைக்காமல் அவரை உபதலைவராக்கியது. உபதலைவர் பெயரையும் பொறிக்க இடம் வேண்டுமென்று பலகையைக் கீழே கொஞ்சம் நீட்டினார்கள். காற்று புகுந்துகொண்டிருந்த கடைசி இடுக்கு அதுதான்.

கார் இப்போது வாசலைத் தாண்டுவதில்லை. இருந்தாலும் சபையின் நேர்மையை மெச்சத்தான் வேண்டும். மற்ற இடங்களில் குற்றவாளியைத் தேடப் போலீஸ் வரவேண்டும். இங்கே அவர்களே தங்கள் பெயரைப் பொறித்து, குற்றம் நடந்த இடத்திலேயே மாட்டி, வாராவாரம் புளி போட்டுத் துலக்கியும் வைக்கிறார்கள்.