காத்துத் திருகாணி

படகு மோட்டாரைப் பெண்டாட்டி கையில் கொடுப்பதில்லை என்று மரியசூசை முடிவெடுத்துவிட்டார். ஏலாக்குறிச்சியில் கொள்ளிடக் கரையோரம் மோட்டார் வைத்த படகு அவர் ஒருவரிடம்தான் இருந்தது. ஆற்று நடுத் திட்டில் இருந்த வாழைக்குப் போய்வர, நாகப்பட்டினத்தில் பழசாகப் பார்த்து வாங்கியது. அதில் நின்றுகொண்டு போகும்போது அவருக்கு உயரமே ஒரு முழம் கூடின மாதிரி இருக்கும். அந்த ஒரு முழத்தில்தான் அமுதா பங்கு கேட்டாள்.

"ஏங்க, எனக்கும் ஓட்டக் கத்துக் குடுங்க."

மாட்டேன் என்று சொல்லும் தைரியம் அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்தே கிடையாது. யோசித்தார். வழி கிடைத்தது.

"ஓட்டுறது கடைசிப் பாடம் அமுதா. முதல்ல பெட்ரோல் போற வழி தெரியணும். டேங்க், ஓஸு, பில்டர், கார்புரேட்டர். அதெல்லாம் கழுவித் தொடைச்சு வச்சாத்தான் மோட்டார் ஒன்ன மதிக்கும்."

பெட்ரோல் நாற்றத்தில் தலை சுற்றி ஓடிவிடுவாள் என்பது அவர் கணக்கு.

அமுதா ஓடவில்லை. மோட்டாரை விற்றவருக்கே போன் போட்டுக் கேட்டுக்கொண்டாள். டேங்க் அடியில் மாதக்கணக்காய்த் தேங்கிக் கிடந்த பழைய பெட்ரோலை வடித்தாள்.

"இங்க பாருங்க, அடியில தண்ணி நிக்குது. தண்ணி உள்ள போனா இதுவும் உங்க அண்ணன் மாதிரி பாதி வழியில படுத்துடும்."

வெடித்திருந்த ஓஸை மாற்றினாள். பில்டரைக் கழற்றிப் புதுசு போட்டாள். கார்புரேட்டரில் படிந்த பிசினைச் சுரண்டி எடுத்தாள். மரியசூசை நிழலில் கட்டிலைப் போட்டு மேற்பார்வை பார்த்தார்.

"அடுத்த பாடம் என்னங்க?"

"அவசரப்படாத. இன்னொருக்கா கழுவு."

ஆடி மாதம் மேலணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் ஆறு இரு கரையும் தொட்டது. திட்டில் ஆடு மேய்க்கப் போன அரியமுத்துவும் அவர் பெண்சாதியும் மாட்டிக்கொண்டார்கள். கரையில் ஊரே கூடி நிற்க, மரியசூசை வேட்டியை மடித்துக் கட்டிப் படகில் ஏறினார். பின்னாலேயே அமுதாவும் ஏறினாள்.

"நீ எதுக்கு?"

"தொணைக்கு."

இறக்கிவிட நேரமில்லை. கயிற்றை ஒரே இழுப்பு, மோட்டார் பிடித்துக்கொண்டது. கரையில் கை தட்டினார்கள். அவர் நின்றுகொண்டே ஓட்டினார்.

நடு ஆற்றில் மோட்டார் இருமியது. முனகியது. நின்றுவிட்டது. படகு பக்கவாட்டில் திரும்பிக் கிழக்கே இழுபட்டது. அவர் கயிற்றை இழுத்தார். மறுபடி இழுத்தார். பிறகு அடைக்கல மாதாவைக் கூப்பிட்டார்.

"மாதாவைக் கூப்புடுங்க, வேணாங்கல. டேங்க் மூடியில காத்துத் திருகாணியத் தொறந்தீங்களா?"

"எந்தத் திருகாணி?"

அமுதா டேங்க் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"உள்ள காத்து போவாம பெட்ரோல் எப்புடிங்க வெளிய வரும்? டேங்க்கும் மூச்சு விட வேணாமா? சும்மா நிக்கிறப்ப மூடி வைக்கணும், ஓட்டுறப்ப தொறக்கணும். இத்தன நாளும் தொறந்தே கெடந்துச்சு, கழுவுனப்ப நாந்தான் மூடி வச்சேன். தள்ளுங்க."

திறந்தாள். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. ஓஸின் நடுவே சப்பிக் கிடந்த, பெட்ரோல் ஏற்றும் ரப்பர் பந்தை அது கெட்டியாகும் வரை அமுக்கினாள். கயிற்றை இழுத்தாள். மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது.

"முன்னால போயி உக்காருங்க. நின்னா மறைக்குது."

உட்கார்ந்தார். அரியமுத்துவையும் அவர் பெண்சாதியையும் ஏற்றிக்கொண்டு திரும்பியபோது அவர் மடியில் ரெண்டு ஆட்டுக்குட்டிகள். அவற்றைக் கட்டிப்பிடித்தபடி யோசித்தார். தான் ஆசைப்பட்ட மாதிரியே அவள் வெறுத்துப்போய் ஓடியிருந்தால்? கண் கலங்கியது. ஆற்றுத் தண்ணீர் தெறித்ததாகச் சொல்லிக்கொண்டார்.

கரை ஏறியதும் ஊர் கேட்கவே சொன்னார்: "அமுதா இல்லன்னா நான் இந்நேரம் அணைக்கரைப் பாலத்துல முட்டிக்கிட்டு நிப்பேன்." மனசார வந்த வார்த்தை. பிறகு அவள் பக்கம் குனிந்து, "ரொம்ப நன்றி அமுதா. கோவத்துல பாதியில விட்டுடாம படிச்சியே" என்றார்.

"நீங்க தட்டிக் கழிக்கத்தான் பாடம் நடத்துறீங்கன்னு முதல் நாளே தெரியும். வாத்தியார் சரியில்லன்னு படிப்ப விட முடியுமா?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் சாமியார், "வெள்ளத்துல உயிரக் காப்பாத்துன படகோட்டி எழுந்திரிங்க, எல்லாரும் நன்றி சொல்லுவோம்" என்றார். ஆண்கள் பக்கத்தில் மரியசூசை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். கோயிலே திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தது.

சாமியார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "நீங்க உக்காருங்க, அமுதாவுக்கு மறைக்குது" என்றார்.