நாளைக்குப் பணம்

பணத்தைச் சம்பாதிக்க ஆயிரம் பேர் உண்டு; அதைப் பற்றிப் பாடம் நடத்த இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவர் புதுச்சேரியில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் கணக்கு வாத்தியார் பஞ்சநாதன். தம்மைப் பற்றி அவரே அப்படித்தான் நினைத்திருந்தார்.

கடலூரிலிருந்து வேலைக்கு வந்து இரண்டு வருடம். நயா பைசா புழக்கத்துக்கு வந்து, அணாவுக்கு ஆறு பைசா என்று ஊரே ஆறாம் வாய்ப்பாட்டில் தடுமாறிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, 'வாழ்வியல் நிதிக் கல்வி' என்றொரு வகுப்பைத் தொடங்கினார். முதல் மாதம் 'மானசீகக் கொள்முதல்'. பிள்ளைகள் இடைவேளையில் கண்ணை மூடிக்கொண்டு மனத்தால் கமர்கட் வாங்கித் தின்றுவிட்டு, மிஞ்சிய காசை நிஜமாகவே உண்டியலில் போட வேண்டும். மூன்று பேர் அழுதார்கள். அதை அவர் 'மனமாற்றம்' என்று குறித்துக்கொண்டார்.

அடுத்தது வீட்டு வரவு செலவு. வரவேண்டியதை எழுதி வைக்காதவன் ஏமாளி, கேட்கக் கூச்சப்படுகிறவன் பரம ஏமாளி என்று மேசையைத் தட்டிச் சொன்னார். அந்த வகுப்பைப் பார்க்கக் கல்வி அதிகாரி சுப்ரமணி வருவதாக இருந்தது. அவர் தலையசைத்தால் தலைமையாசிரியர் நாற்காலி பஞ்சநாதனுக்கு. மனைவி அந்த நாற்காலிக்கு மெத்தைகூடத் தைத்துவிட்டாள்.

அதிகாரி உள்ளூர்க்காரர், பிரெஞ்சு படித்த பழைய ஆள். வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வைத்திக்குப்பத்துக் கண்ணகி நோட்டோடு எழுந்தாள். அவள் அம்மா அஞ்சலாட்சிதான் பஞ்சநாதன் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொடுப்பவள்.

"வரவேண்டியது, மீன் பாக்கி நாலு ரூபா. அது இல்லாம நாப்பது பணம்" என்று கண்ணகி படித்தாள்.

"அதென்னம்மா நாப்பது பணம்?" என்றார் அதிகாரி.

"பாக்கி கேக்கும்போதெல்லாம் 'நாளைக்குப் பணம் தரேன்'னு சொல்லுவாங்க சார். நாள் கடத்துறதுக்கு ஒரு பணம் தராங்களாக்கும்னு எங்கம்மா செவுத்துல கரிக்கோடு போட்டு வச்சிருக்கு."

கடலூர்க்காரருக்குப் பணம் என்றால் எந்தக் காசும் பணம்தான். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து அது ஒரு காசின் பெயர், இரண்டணா. அதிகாரி மனக்கணக்கிலேயே முடித்தார்: எட்டுப் பணம் ஒரு ரூபாய், ஆக ஐந்து ரூபாய்.

"அசலையே தாண்டிடுச்சே. யாரும்மா அந்தப் புண்ணியவான்?"

கண்ணகி துளியும் கூச்சப்படவில்லை. சொல்லிக்கொடுத்தபடியே நிமிர்ந்து நின்று பஞ்சநாதனைப் பார்த்தாள். "எப்போ தரீங்க சார்?"

அதிகாரி "த்ரே பியேன்" என்று கண்ணகியைப் பாராட்டிவிட்டுப் போனார். பத்தாம் நாள் அறிக்கை வந்தது: 'பாடம் மிக நன்று. வகுப்பு தொடரலாம். பஞ்சநாதனும் அதில் சேர்ந்து படிக்கலாம்.' நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. மெத்தை வீட்டில் கிடந்தது. பஞ்சநாதனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் தம் பாடம் ஒரு பிள்ளைக்காவது புரிந்ததே என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் காலை அஞ்சலாட்சி கூடையோடு வாசலில் வந்து நின்றாள். மாதக் கடைசி. பஞ்சநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அஞ்சலாட்சி, நாளைக்கு..." என்று ஆரம்பித்தார்.

அவள் கூடையை இறக்காமலே சொன்னாள்: "பணம்னு மட்டும் சொல்லிடாதீங்க சார். நாப்பத்தொண்ணு ஆயிடும்."