சும்மா இருந்ததை எடுத்தவன்

தமிழில் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் நம்புங்கள், 'சும்மா'வை மட்டும் நம்பாதீர்கள். அதை நம்பி ஒருத்தியின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தவன் நான்.

அப்போது உப்பளம் என்கிற பேட்டையில் ஒரு மாடி அலுவலகத்தில் எனக்கு உத்தியோகம். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்துகொண்டு மொத்தத்தையும் நடத்துகிற பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டுகளை எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு. அந்த டெஸ்ட்டுகளுக்கு எடுபிடி வேலை பார்ப்பதற்கென்றே தனியாகக் கொஞ்சம் கோடு, அதாவது கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளை வரிகள், உண்டு. அதைப் படித்துப் பார்த்து 'சரி' சொல்ல என்னைப் போட்டிருந்தார்கள். (மற்றவர்கள் எல்லாம் பிஸி. நான் அதை என் தகுதி என்று நினைத்துக்கொண்டேன்.)

அந்தத் தடவை எடுபிடிக் கோடை எழுதியவள் கலைவாணி. எங்கள் ஊருக்குள்ளேயே இருக்கும் மேட்டுப்பாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் முன்னால் அவளுடைய கோடு ஓடிக் காட்டிவிட்டால் நிரந்தரம். இல்லாவிட்டால் கடலூர் மாமா பையனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். இது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். அந்த மாமா பையனைப் பார்க்காமலே வெறுத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று வரும். திரையில் வரிகள் லேசாக அசையும். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, தேங்காய்த்திட்டுத் துறையில் கட்டிப்போட்ட படகுகள் மாதிரி ஆடும். நான் தூங்க மாட்டேன். கண்ணைத் திறந்துகொண்டே வேறெங்காவது போய்விடுவேன். அன்று போன இடத்தில் ஒரு பெரிய மேடை. உலகத்துக் கெர்னல்காரர்கள் எல்லாம் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஒரு வரியைத் தொட்டுக் காட்டுகிறேன், ஒரே கைதட்டல். முதல் வரிசையில் கலைவாணி. அவள் ஏன் பட்டுப்புடவையில் இருந்தாள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கைதட்டல் ஓய்ந்து திரையைப் பார்த்தால், அவள் கோடின் கடைசியில் ஒரு துண்டு எந்த வேலையும் செய்யாமல் நிற்கிறது. அவள் அன்று அரை நாள் லீவு. போன் போட்டேன். பஸ்ஸில் இருந்தாள், ஒரே இரைச்சல்.

"கலைவாணி, கடைசில ஒரு துண்டு இருக்கே, அது இன்னா பண்ணுது?"

"அதுவா சார், அது சும்மா இருக்கும்."

"சும்மாவா?"

"ஆமா சார், சும்மாதான்."

"அப்ப எடுத்துடட்டுமா?"

"நெஜமாவா சார்? எடுத்துடுங்க சார்! ரொம்ப தேங்க்ஸ் சார்!"

எழுதியதை வெட்டுகிறேன் என்றால் எவளாவது தேங்க்ஸ் சொல்வாளா? யோசிக்க வேண்டாமா? நான் அவளுடைய பணிவை மெச்சிக்கொண்டே அந்தத் துண்டை எடுத்தேன். என் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். முன்பைவிட வேகமாக ஓடியது. பூரித்துப்போனேன்.

மறுநாள் காலை எல்லோரும் திரை முன்னால் கூடினோம். எங்கள் முதலாளியின் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள். அவரை நாங்கள் பிரெஞ்சு மரியாதைப்படி முசியே என்றுதான் கூப்பிடுவோம். திரையில் வாடிக்கையாளர். அவர்களுடைய பெரிய மெஷினில் கலைவாணியின் கோடு ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரம்தான். திரை முழுக்க எழுத்துகள் சரசரவென்று ஓடி அப்படியே நின்றன. மெஷின் செத்துவிட்டது.

கலைவாணி பதறிப்போய்க் கோடைத் திறந்து மேலும் கீழும் தேடினாள்.

"முசியே, என்னோட சும்மாவக் காணோம்."

"எதக் காணோம்?"

"சும்மா இருக்குமே, அது. பின்னாடி ஓடுற வேலை முடியிற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கணும். யாரோ எடுத்துட்டாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பந்தியில் கடைசி ஆள் எழுந்திருக்கும்வரை இலையை எடுக்க விடாமல் நிற்கிறவரும் பார்வைக்குச் சும்மாதான் நிற்கிறார். அவரை நான் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். என் கம்ப்யூட்டரில் சாப்பாடு சீக்கிரம் முடிந்ததால் தப்பித்தது. அங்கே கோடு பாதிச் சாப்பாட்டிலேயே இலையை உருவிவிட்டது. அவள் 'எடுத்துடுங்க' என்றது, பஸ் இரைச்சலில் 'எடுத்துக்கட்டுமா' என்று காதில் விழுந்து, தன் கோடு தேறிவிட்டது, சேர்த்துக்கொள்ளப்போகிறேன் என்று நினைத்து.

"வாட் இஸ் சும்மா?" என்றார் வாடிக்கையாளர். முசியே ஆங்கிலத்தில் முயன்றார். பிரெஞ்சில் முயன்றார். கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் நின்று காட்டினார்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கலைவாணியின் கண் நிறைந்துவிட்டது. அவள் கடலூர் பஸ்ஸில் ஏறுவது எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. (கனவு காண்கிறவனுக்கு இதெல்லாம் உடனே தெரிந்துவிடும்.) எழுந்து நின்றேன்.

"நான்தான் எடுத்தேன் முசியே. அவங்க மேல தப்பே இல்ல. சும்மா இருக்குதுன்னாங்க, எடுத்துட்டேன்."

முசியே என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயும் இங்க சும்மாதான்யா உக்காந்துனு இருக்கிற. உன்ன எடுத்துடட்டுமா?"

துண்டைத் திரும்ப வைத்து ஓட்டினார்கள். கடைசிவரை அழகாக ஓடியது. கலைவாணிக்கு வேலை நிரந்தரமானது. என்னை முசியே எடுக்கவில்லை. படித்துப் பார்க்கும் வேலையை மட்டும் பிடுங்கி அவளிடம் கொடுத்தார். அதன்பிறகு நான் எழுதுவதையெல்லாம் அவள் படித்தாள், ஒரு வரி விடாமல் கேள்வி கேட்டாள். மத்தியானக் காற்றில் நான் கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தால், "எங்க சார் போயிட்டீங்க?" என்பாள். ஒரு நாள் போன இடத்தைச் சொல்லிவிட்டேன். பட்டுப்புடவையையும் சேர்த்து.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லாம் அவளிடம் கேட்பது ஒன்றுதான். "மாமா பையன வுட்டுட்டு இவர எப்படிம்மா புடிச்ச?"

"சும்மா இருந்தாரு, எடுத்துக்கிட்டேன்" என்பாள் கலைவாணி.

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் அது 'எடுத்துட்டேன்' ஆகிவிடாமல் நடுவில் அந்த 'க்கி' சரியாக விழுந்ததா என்று ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன்.