கொசுறு அக்கா வேண்டாம் என்ற தக்காளி

அம்பத்தூரில் காய்கறி விற்கிற யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, "உங்கள் தொழிலில் நீங்கள் பயந்த ஒரே ஆள் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். போலீஸ் என்று சொல்ல மாட்டார்கள். மழை, வெள்ளம் என்றும் சொல்ல மாட்டார்கள். "கொசுறு அக்கா" என்பார்கள். சொன்ன கையோடு, கூடையில் கறிவேப்பிலை இருக்கிறதா என்று ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ரேஷன் அட்டையில் இருக்கலாம். ஒரே காம்பவுண்டில் மூன்று வருஷம் குடியிருந்தும் எனக்கு அது தெரியாது. தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் பின்னால் ஆறு குடித்தனங்கள் வரிசையாக இருக்கிற காம்பவுண்டு அது. லேத் பட்டறை, தையல் கம்பெனி, கொத்து வேலை என்று போகிறவர்கள். அக்கா ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கும் வேலை. மொட்டைமாடி ஒற்றை அறையில் நான், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஆபீஸ் குமாஸ்தா.

குடிவந்த இரண்டாம் நாள் காய் வாங்கிக்கொண்டு வருகிறேன். வாசலில் மறித்து, கேட்காமலேயே என் பைக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"இன்னா சார், கொசுறு எங்க?"

"என்ன கொசுறு?"

அவ்வளவுதான், நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அரை கிலோ தக்காளி, கால் கிலோ கத்திரிக்கா வாங்கிகினு வர்றே. ஒரு கொத்து கறியாப்பல இல்ல, ரெண்டு மொளகா இல்ல! கேட்டியா நீ?"

"இல்லைங்க. போன்ல ஸ்கேன் பண்ணிட்டு வந்துட்டேன்."

"அதான! போன்ல துட்டு குட்த்தா கொசுறு எங்கேந்து வரும்? கையில குட்த்துட்டு, அவன் மூஞ்சியப் பாத்துகினே நிக்கணும் சார். நவுரவே கூடாது. அவனா போடுவான்."

சொல்லிவிட்டு விட்டாரா? கையோடு என்னைக் கடைக்கு இழுத்துப் போனார். கடைக்காரர் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே இரண்டு கொத்துக் கறிவேப்பிலையையும் கொத்தமல்லியையும் தூக்கிக்கொண்டு எதிரே ஓடி வந்தார். சரணாகதி என்றால் அதுதான் சரணாகதி!

காய்கறியோடு நின்றால் பரவாயில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறி ஸ்டாண்டுக்குக் காசு கொடுத்துவிட்டு, "கொசுறா அந்த முக்கு வரைக்கும் வுடு நைனா" என்பார். விடுவார்கள், ஐயா! மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை பத்து வாங்கிவிட்டுப் பதினொன்றாவதற்கு நிற்பார். கடைக்காரப் பையன் மாத்திரைக்கெல்லாம் கொசுறு கிடையாது என்று சட்டம் பேசி, கடைசியில் தன் பங்குக்கு ஒரு பிளாஸ்திரியைக் கொடுத்து அனுப்பினான்.

தெருவுக்குத் தினமும் லோடு ஆட்டோவில் காய் கொண்டு வருபவர் ரவி. அதில் ஒலிபெருக்கி கட்டி, பதிவு செய்த குரலை ஓடவிட்டிருப்பார். அக்கா ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே நின்று அதோடேயே பேரம் பேசுவார். அது விலையைச் சொல்லும். இவர் ஒரு விலை சொல்வார். அது மறுபடி பழைய விலையையே சொல்லும். இவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும்.

"யக்கா, அது ரெக்கார்டிங்கு!" என்று ரவி உள்ளேயிருந்து கத்துவார்.

"அதான் நான் சொல்றத காதுல வாங்க மாட்டேங்குது! நீ எறங்கு கீழ!"

சிரிக்காதீர்கள். அக்காவுக்கு ஒரு கொள்கை உண்டு. காசு கொடுத்து வாங்காமல் ஒரு மிளகாயைக் கூடத் தொட மாட்டார். "வாங்கிட்டு கேட்டா கொசுறு. சும்மா கேட்டா பிச்ச. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் மனுசனே இல்ல" என்பார்.

இப்படி நாங்கள் சந்தோஷமாக இருந்த நாளில்தான் விலைவாசி பாய்ந்தது. அடடா, என்ன பாய்ச்சல்! எண்ணெய் ஏறியது, பருப்பு ஏறியது, சிலிண்டர் ஏறியது. தக்காளி சதம் அடித்துவிட்டு அவுட் ஆகாமல் ஆடிக்கொண்டே இருந்தது. ஆறு வீட்டிலிருந்தும் ஆறு வாசனை வந்த காம்பவுண்டில், எல்லா அடுப்பிலும் ஒரே புளித்தண்ணி ரசம். சம்பளம் மட்டும் அசையவில்லை. முதல் வாரம் பீன்ஸ் போனது, அடுத்த வாரம் முட்டை போனது, அதற்கடுத்து சாயங்கால டீயில் பால் குறைந்தது. கடைக்காரர்களும் என்ன செய்வார்கள்? 'கொசுறு கேட்காதீர்கள்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள். அக்கா அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அந்த நேரம் பார்த்து மீனாவுக்கு ஏழாம் மாதம். கடைசிக் குடித்தனத்துப் பெண். கணவன் பாபு லேத் பட்டறையில் இருக்கிறான். காதல் கல்யாணம், அதனால் தாய்வீட்டு வாசல் மூடியாயிற்று. வளைகாப்புப் போட ஒரு நாதியில்லை. "இந்த வெலவாசில அதெல்லாம் வேணாங்கா, உட்டுடலாம்" என்று பாபு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"இன்னாடா உட்டுடறது? ரேசன் அரிசி கீது, நாங்க கீறோம். கலந்த சாதத்துக்கு இன்னா வேணும், கறியாப்பல, கொத்தமல்லி, புதினா! மூணும் கொசுறுலயே வாங்கிக் காட்டறேன் பாரு!" என்று எழுந்தார் அக்கா. மீனாவைப் பார்த்து, "உனுக்கு இன்னா சாதம் ஆச, சொல்லும்மே" என்றார்.

மீனா தயங்கினாள். "எங்கம்மா தக்காளி சாதம் செய்வாங்கக்கா. அது மட்டும் இருந்தா போதும்" என்றாள்.

உலகத்தில் அன்றைக்குக் கேட்கக் கூடாத ஒரே பொருளைக் கேட்டுவிட்டாள்! அக்கா, "நாயித்துக்கெழம நீ தக்காளி சாதம் துன்றே" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரம் அம்பத்தூர் கண்ட படையெடுப்பை என்னவென்று சொல்வேன்! மீனா வீடு போக ஐந்து வீட்டுப் பெண்களும் ஐந்து கடைக்குப் பிரிந்தார்கள். ஆளுக்குக் கால் கிலோ ஏதோ ஒன்று, அப்புறம் அசையாமல் நிற்பது. புதினா வந்தது, மல்லி வந்தது, எலுமிச்சை கூட இரண்டு வந்தது. தக்காளியை மட்டும் எவரும் அசைக்க முடியவில்லை. சனிக்கிழமையும் வந்துவிட்டது. "ரெண்டு கிலோ நான் வாங்கித் தர்றேனே அக்கா" என்றேன்.

"வேணாம் சார். அது தருமம். அந்தப் பொண்ணு வாயும் வயிறுமா கீற நேரத்துல தருமச் சோறு துன்ன வேணாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. தெருமுனைக்கு ஓடினேன். ரவியிடம் இரண்டு கிலோவுக்குப் பணத்தைக் கொடுத்து, "அக்கா வாங்கும்போது இதைக் கொசுறுன்னு சொல்லிப் போட்டுடுங்க" என்றேன். "நடிப்புதான, நமக்கு சப்ப மேட்டரு அண்ணாத்தே" என்றார் ரவி. நானும் நம்பி மாடிக்குப் போய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கால் கிலோ தக்காளி கேட்டார். ரவி எடை போட்டார். அப்புறம் ஒரு பெரிய பையைத் தூக்கி, "இந்தாக்கா, கொசுறு" என்றார்.

அக்கா உள்ளே பார்த்தார். "இன்னாடா இது?"

"கொசுறு."

"கால் கிலோவுக்கு ரெண்டு கிலோ கொசுறா? கொழுப்பா உனுக்கு? உன் ஊட்ல மூணு புள்ளைங்க கீது, அதுங்க இன்னாத்த துன்னும்? எடு! நாலு பழம் குடு, போதும்!"

"பரவால்லக்கா, எடுத்துக்கோ!"

"வேணாண்டா!"

"எடுத்துக்கோக்கா, கால்ல வுழறேன்!"

கொசுறு அக்கா கொசுறைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறார்! தெரு முழுக்க வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டது. நாலு பழத்துக்கு மேல் வாங்க மாட்டேன் என்று அக்கா, இரண்டு கிலோவில் ஒரு பழம் குறைக்க மாட்டேன் என்று ரவி. வேர்த்து வழிந்த ரவி கடைசியில் மாடியை அண்ணாந்து பார்த்து, "அண்ணாத்தே! நீயே எறங்கி வந்து சொல்லுப்பா, என்னால முடியல!" என்று அலறிவிட்டார்.

குட்டு உடைந்தது. நான் படியில் இறங்கி வந்தபோது அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். கோபப்பட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். முகம் சுருங்கிப் போயிருந்தது. "கெட்டிக்கார சார்தான்" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போது மீனா வந்தாள். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்தாள், கடித்தாள். சாறு முகவாயில் ஒழுகியது. கண்ணை மூடிக்கொண்டு முழுப் பழத்தையும் தின்று முடித்த பிறகுதான் எல்லோரும் தன்னையே பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. "மன்னிச்சிடுங்கக்கா, முடியல" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

அக்கா அவள் முகவாயைத் தன் முந்தானையால் துடைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், உனுக்குக் கூடப் பொறந்தவங்க யாராச்சும் கீறாங்களா?"

"இல்லக்கா. நான் ஒண்டிதான்."

"அப்ப சரி. தருமம்னா வாங்க மாட்டோம். பொறந்த ஊட்டு சீருன்னா வாங்கிக்கலாம். நாளிக்கு நீதான் இவளுக்கு அண்ணன். சும்மா மாடியிலேந்து எறங்கி வர்றதெல்லாம் இல்ல. தெருமுனையிலேந்து தட்டு எடுத்துகினு மொறையா வரணும்!"

வந்தேன். வேட்டி கட்டிக்கொண்டு வந்தேன். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், கண்ணாடி வளையல், நடுவில் கோபுரமாக இரண்டு கிலோ தக்காளி. முன்னால் ரவியின் லோடு ஆட்டோ, ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். எஸ்டேட் பக்கம் போன பஸ்ஸிலிருந்து ஜனங்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். தங்கத்தைச் சுமந்து வந்தவன் கூட அத்தனை கர்வமாக நடந்திருக்க மாட்டான். தக்காளியை அக்காவே வதக்கினார். மீனா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். "எங்கம்மா கை மாதிரியே கீதுக்கா" என்றாள். அக்கா அடுப்புப் புகை கண்ணில் பட்டுவிட்டது என்றார். கேஸ் அடுப்பில் ஏது புகை?

அப்புறம் நான் பட்டாபிராம் பக்கம் மாறி வந்துவிட்டேன். தக்காளி இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கிவிட்டது. போன வாரம் அக்காவிடமிருந்து போன். எடுத்ததும் நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது.

"தம்பி, வர்ற வெள்ளிக்கெழம மீனா பொண்ணுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியிலதான் புள்ளைய ஒக்கார வெக்கணும். லீவு போட்டுட்டு வந்துடு, சாக்கு சொல்ற வேல வெச்சுக்காத!"

போனை வைத்த கையோடு லீவு லெட்டர் எழுத உட்கார்ந்தேன். வா என்று இத்தனை உரிமையாக என்னை யாரும் அதட்டியதில்லை.