பதினைந்து வருஷத்து நீலக் கல்

அந்த மாதம் ஊரில் எல்லோர் வீட்டு வரவேற்பறையிலும் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. உள்ளே பச்சைக் கற்கள். விருந்தாளி வந்தால், பிள்ளை வாங்கிய பரிசுக் கோப்பைக்கு முன்னால் இதைத்தான் காட்டினார்கள்.

"எனக்கு எழுபத்து மூணு."

"அவ்வளவுதானா? எங்க மாமியாருக்கு நூத்திப் பத்து!"

மாமியாரைப் பற்றி அந்த மருமகள் பெருமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

எல்லாம், ஊர் மண்டபத்தில் கடை விரித்திருந்த கல்லெடுப்பவரின் கருணை. கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம். பணம் கட்டினால் ஒரு பாட்டில் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, ஒரு பொட்டலம் பேதி உப்பு. காலையில் குடிக்க வேண்டியது, மறுநாள் கழிப்பறைக்குச் சல்லடையோடு போக வேண்டியது. கல்லீரலில் வருஷக்கணக்காகப் படிந்ததெல்லாம் பொலபொலவென்று கொட்டுமாம். சல்லடையில் அகப்பட்டதைக் கழுவிக் கொண்டுபோனால், விளக்கு வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு கல்லுக்கும் வயது சொல்வார். சொந்த மகனின் வயதைக் கேட்டால் விரல்விட்டு எண்ணுகிறவர்கள்கூடக் கல்லின் வயதை மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பஸ் டிரைவர். அவருக்கு நிஜமாகவே கல்லீரல் கெட்டிருந்தது. கண்ணில் மஞ்சள், வயிற்றில் வீக்கம். கல் கொட்டிய மகிழ்ச்சியில் டாக்டர் கொடுத்த மாத்திரைகளைக் குப்பையில் கொட்டிவிட்டார். அவருடைய தங்கை உயிர்வேதியியல் ஆராய்ச்சியாளர். தின்ற கொழுப்பு உடம்பில் எங்கே போகிறது, கல்லீரலில் ஏன் தேங்குகிறது என்று இருபத்திரண்டு வருஷமாக ஆராய்பவர்.

"அண்ணா, மாத்திரைய நிறுத்தாத. அது கல்லே இல்ல."

"இருபத்திரண்டு வருஷமா எலியோட கல்லீரலப் பாத்துக்கிட்டிருக்கியே, ஒரு கல்லாவது எடுத்தியா?"

"உள்ள இருந்தாத்தானே எடுக்க?"

"அவரு ஒரே நாள்ல அறுபது எடுத்தாரு. நீ போய் எலியப் பாரு."

தங்கைக்குக் கோபம் வந்தது. அண்ணனின் கண்ணைப் பார்த்தபோது பயமும் வந்தது. பேசிப் பயனில்லை என்று தானே பணம் கட்டி ஒரு பாட்டில் வாங்கினார். கொழுப்பு போகும் வழி தெரிய வேண்டுமென்றால் அதற்கு ஓர் அடையாளம் போட்டு அனுப்புவது ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் வழக்கம். பேக்கரியில் சாக்லேட்டுக்குப் போடும், எண்ணெயில் கரைகிற நீலச் சாயத்தைப் பாட்டிலில் கலந்தார். கொஞ்சம் மிச்சம் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். மறுநாள் அவர் பட்ட பாட்டை இங்கே எழுதினால் மரியாதையாக இருக்காது.

மூன்றாம் நாள் அண்ணனையும் இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய் ஜாடியை நீட்டினார். முப்பது கற்கள், அத்தனையும் நீலம்.

கல்லெடுப்பவர் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். பிறகு தொழில் கைகொடுத்தது.

"அடேங்கப்பா! நீலக் கல்லு! லட்சத்துல ஒருத்தருக்குத்தான் வரும். பதினைஞ்சு வருஷமா கல்லீரல்ல ஊறின விஷம்மா இது. இன்னும் ரெண்டு பாட்டில் குடிக்கணும்."

"நிச்சயமா பதினைஞ்சு வருஷம்தானா?"

"ஒரு நாள்கூடக் குறையாது!"

கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் ஒருவர், தனக்கு வெறும் பச்சைதானே வந்தது என்று பொருமினார்.

தங்கை பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். அடியில் கிடந்த எண்ணெயும் அதே நீலம்.

"முந்தாநாள் காலையிலதான் இதுல சாயம் கலந்தேன். பதினைஞ்சு வருஷத்துக் கல்லுக்குள்ள அது எப்படிங்க போச்சு?"

கைதட்டியவர்கள் பாட்டிலையும் ஜாடியையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"குடிச்ச எண்ணெய்தான் குடல்ல உருண்டையாகி வெளிய வருது. கிட்டத்தட்ட சோப்பு." கையோடு கொண்டுவந்த வெந்நீரை ஒரு டம்ளரில் ஊற்றி, ஒரு நீலக் கல்லை அதில் போட்டார். அது உருகி எண்ணெயாக மிதந்தது.

"அது வந்து... விஷம் முறியுது..." என்று இழுத்தார் கல்லெடுப்பவர்.

டிரைவர் எழுந்தார். பன்னிரண்டு வருஷம் என்று சொல்லப்பட்ட தன் பச்சைக் கல்லைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அதே டம்ளரில் போட்டார். அதுவும் உருகியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, அந்த மாத்திரைய டாக்டர் மறுபடியும் குடுப்பாரா?"

"வா, இப்பவே போகலாம்."

அவர்கள் முன்வாசல் வழியாகப் போனார்கள். கல்லெடுப்பவர் பின்வாசல் வழியாகப் போனார்.

நூற்றுப் பத்துக்காரரின் மருமகளுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "அப்போ எங்க மாமியாருக்குக் கல்லே இல்லையா?"

இல்லை அம்மா. கல்லுக்கு என்ன வயது என்று கேட்ட இத்தனை பேரில் ஒருவராவது, அது எப்படி வந்தது என்று கேட்டிருக்கலாம். இனிமேலாவது கேளுங்கள். இப்போதைக்கு அந்த ஜாடியைக் கழுவி வையுங்கள். சோப்பு உள்ளேயே இருக்கிறது.