ஒரு லோடு சரளை

“சரளையா? எனக்கா? ஐயோ, வேண்டாம் யூனிஸ். எங்க மாடுங்களுக்குச் சரளையைக் கண்டாலே ஆகாது.”

சொல்லிவிட்டு லைல் பட்டென்று போனை வைத்துவிட்டான். யூனிஸ் கையிலிருந்த ரிசீவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பால் பண்ணை வைத்திருக்கிறவன் லைல். போன வாரம்தான் தபால் ஆபீசில் நின்றுகொண்டு, தொழுவத்துக்குப் போகிற பாதை சேறாகிவிட்டது, டிராக்டரே புதைகிறது என்று மூக்கால் அழுதான். இப்போது அவன் மாடுகளுக்குச் சரளை ஆகாதாம்.

நடந்தது இதுதான். யூனிஸின் புருஷன் ஹார்லன், கூரை ஓரத்துத் தகரக் கால்வாயில் அடைத்திருந்த மேப்பிள் சருகை அள்ளுகிறேன் என்று ஏறி, ஏணியோடு சரிந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு மாவட்ட ஆஸ்பத்திரியில் கிடந்தான். எலும்பைப் பற்றி யூனிஸுக்குக் கவலை இல்லை. அதற்கு டாக்டர் இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குழிக்குத்தான் யாரும் இல்லை.

அது ஹார்லனின் அப்பா காலத்துச் சரளைக் குழி. எங்கே வீடு கட்டலாம், எங்கே கடை வைக்கலாம், எங்கே மண்ணைத் தோண்டி விற்கலாம் என்று டவுன்காரர்கள் சட்டம் போட்டபோது, வீடுகள் இருக்கிற பக்கம் இனிமேல் தோண்டக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். ஏற்கெனவே இருந்த குழி மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார்கள். ஆனால் ஒரு வருஷம் முழுக்க வியாபாரம் இல்லாமல் கிடந்தால் அந்த உரிமை செத்துப்போகும். செத்தது செத்ததுதான். அதனால் பெரிய வேலையெல்லாம் நின்றுபோன பிறகும் ஹார்லன் ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் மண் அள்ளுகிற லோடரை உசுப்பி, ஒரே ஒரு லோடு தோண்டி, ஊரில் யாருக்காவது விற்றுவிட்டு வருவான். திவசம் கொடுக்கிற மாதிரி, வருஷம் தவறியதே இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமையோடு அக்டோபர் முடிகிறது.

“விட்டுடு யூனிஸ். போனாப் போகுது” என்றுதான் ஹார்லன் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னான். ஆனால் அவன் ‘போனாப் போகுது’ என்றால் என்ன அர்த்தம் என்று அவனோடு குடித்தனம் செய்கிறவளுக்கல்லவா தெரியும்! அவனுடைய நாய் செத்தபோதும் அதைத்தான் சொன்னான். சொல்லிவிட்டு ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. வாயைத் திறந்து எனக்கு இது வேண்டும் என்று கேட்டறியாத மனுஷன். அவன் படுக்கையிலிருந்து எழுந்து வரும்போது குழி உயிரோடு இருக்க வேண்டும் என்று யூனிஸ் ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிவு கட்டிவிட்டாள்.

இத்தனைக்கும், காற்றடித்தால் வீடெல்லாம் தூசி என்று அந்தக் குழியை அவள் திட்டாத நாள் கிடையாது.

லைல் கைவிட்டதும் நேரே டார்லீனின் சாப்பாட்டுக் கடைக்குப் போனாள். கடை வாசலில் வண்டி நிறுத்துகிற இடம் முழுக்கப் பள்ளம், வாத்து நீந்தலாம்.

“உனக்கு ஒரு லோடு சரளை கொட்டிடறேன். வெலை நீ சொல்றதுதான்.”

டார்லீன் கல்லாவைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். “சரளை போட்டா, வர்ற பொம்பளைங்களோட குதிகால் செருப்பு மாட்டிக்குமே.”

“உன் கடைக்கு எவடி குதிகால் செருப்பு மாட்டிக்கிட்டு வர்றா? வர்றவன் பூராவும் மான் வேட்டைக்காரன்.”

“அவனுங்க வீட்டுக்குப் போய் என்னத்த மாட்டிக்கிறானுங்கன்னு யாரு கண்டா?” என்றாள் டார்லீன். சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாகிவிட்டது போலிருக்கிறது. ஒரு துண்டு ஆப்பிள் கேக்கை எடுத்து யூனிஸ் முன்னால் வைத்தாள். “சாப்பிடு. காசு வேண்டாம். ஹார்லனுக்கும் ஒண்ணு கட்டித் தர்றேன். சரளை மட்டும் கேக்காதே.”

மூன்றாவதாகக் கேட்டவன், தனக்குக் கல் என்றாலே பயம் என்றான். அவன் கல்லறைக்குக் கல் செதுக்குகிறவன்.

விற்க முடியாவிட்டால் சும்மாவாவது கொடுத்துவிடலாம் என்று யூனிஸுக்குத் தோன்றியது. அதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று கேட்க டவுன் ஆபீசுக்குப் போனாள். அங்கே நிலச் சட்டத்துக்கெல்லாம் அதிகாரி டுவைட். ஹார்லனின் அக்கா மகன். தெருநாய் பிடிக்கிற உத்தியோகமும் அவனுடையதே.

“சும்மா கொடுத்தா அது வியாபாரம் இல்லை அத்தை, தர்மம். சட்டத்துல தர்மத்துக்கு எடம் கெடையாது.”

“அப்ப நீயே ஒரு லோடு வாங்கிக்கோயேன்டா.”

“நானா? அதிகாரியே வாங்கினா ஊர் சிரிக்காதா? அதுலயும் சொந்தக்காரன் வேற.” டுவைட் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான். “விட்டுடுங்க அத்தை. உரிமை போனா இப்ப என்ன? குழியைச் சரிச்சு விட்டு, மேல்மண்ணு போட்டு, புல்லு வெதைச்சு மூடணும்னுதான் சட்டம். பார்க்க லட்சணமா இருக்கும்.”

“உங்க மாமன் நெஞ்சு மேல புல்லு வெதைக்கிற மாதிரி பேசாதேடா. நல்லாவா இருக்கு?”

டுவைட் நாய் பிடிக்கிற கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டான்.

வீட்டுக்கு வருகிற வழியில் யூனிஸுக்கு ஒரு யோசனை பிறந்தது. போனில் கேட்டால் வேண்டாம் என்பார்கள். வாசலில் லோடைக் கொண்டுவந்து நிறுத்தி, “இறக்கட்டுமா?” என்று முகத்தைப் பார்த்துக் கேட்டால்? இந்த ஊர்க்காரர்களுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. அதனால்தான் எல்லார் வீட்டிலும் வேண்டாத பூனைக்குட்டி இருக்கிறது.

டிப்பரை ஓட்டுவதில் அவளுக்குப் பயமில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவள். பனியில், மேட்டில், பின் சீட்டில் பிள்ளைகள் அடித்துக்கொள்ள ஓட்டியவளுக்குக் கல் என்ன, கத்தவா போகிறது? லோடர்தான் புதிது. சனிக்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டினாள். முன்னால் போ என்றால் வாளியைத் தூக்கியது. வாளியை இறக்கு என்றால் பின்னால் போய்க் கோழிக்கூட்டின் கூரையைக் கழற்றியது. கோழிகள் மூன்றும் மேப்பிள் மரத்தில் ஏறிக்கொண்டு, இறங்க மாட்டோம் என்றுவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் லோடர் வழிக்கு வந்தது. ஒரு வாளி, இன்னொரு வாளி என்று டிப்பர் நிரம்ப நிரம்ப யூனிஸுக்கே ஒரு கர்வம் வந்துவிட்டது. பாட்டுக்கூடப் பாடினாள். ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பி, ஊருக்குள் விட்டாள்.

டிப்பரின் பின்கதவுக்கு ஒரு கொக்கி உண்டு என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூட பஸ்ஸில் அப்படி ஒன்று கிடையாது.

மேட்டில் ஏறும்போது பின்னால் ‘சரசர’வென்று சத்தம் கேட்டது. மழை என்று நினைத்துக்கொண்டாள். தேவாலயத்தின் முன்னால் பிரேக் போட்டு இறங்கிப் பார்த்தால், வண்டியில் ஒரு கூடை சரளைதான் மிச்சம். மீதி எல்லாம் டார்லீன் கடையிலிருந்து தேவாலயப் படிக்கட்டு வரைக்கும் கல்யாணத்துக்கு விரித்த மாதிரி ரோட்டில் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து ஆராதனை முடிந்து ஊரே வெளியே வந்தது.

யூனிஸுக்குக் காது மடல் வரை சூடேறியது. ஆனாலும் ஒரு ஓரத்தில் ஆசை விடவில்லை. “யாருக்காவது வேணும்னா எடுத்துக்கிட்டு, இஷ்டப்பட்டதைக் கொடுங்கப்பா!” என்று கூவினாள்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு போதகர் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, “மண்வெட்டி கொண்டாங்க” என்றார். லைல் ஓடினான். டார்லீன் கடையிலிருந்து சட்டிகளை எடுத்துக்கொண்டு வந்தாள். கோட்டும் டையுமாக, தொப்பியும் பூவுமாக, ஊர் மொத்தமும் குனிந்து சரளை அள்ளத் தொடங்கியது. கல்லுக்குப் பயந்த கல்லறைக்காரன் இரண்டு கையாலும் அள்ளினான்.

யூனிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. “எவ்வளவு நல்ல ஜனங்க! யார் வீட்டுல இறக்கணும், சொல்லுங்க.”

“யார் வீட்டுலயும் இல்லை” என்றான் லைல், மூச்சு வாங்கிக்கொண்டு. “எல்லாத்தையும் உங்க குழியிலயே திரும்பக் கொட்டிடறோம். ஒரு கல்லுகூட வெளியில கெடக்காது. நீ கவலைப்படாதே.”

“திரும்பவா? அடப்பாவி, வெளியில போகணும்னுதானேடா இந்தப் பாடு படறேன்!”

அப்போதுதான் டுவைட்டின் வண்டி வந்து நின்றது. ரோட்டைப் பார்த்தான். டிப்பரைப் பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டான்.

“என்ன அத்தை இது! வியாபாரக் குழியை ஞாயித்துக்கெழமை இயக்கறது குத்தம்னு தெரியாதா? மேல தார்ப்பாய் போடாம ரோட்டுல சரளை ஏத்திட்டு வர்றது அதைவிடக் குத்தம்!”

“இரு. என்ன சொன்னே?”

“தார்ப்பாய்...”

“அதுக்கு முன்னாடி.”

டுவைட் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“வியாபாரக் குழியை இயக்கினேன்னு சொன்னே” என்றாள் யூனிஸ். அவள் முகம் விளக்கேற்றின மாதிரி ஆகிவிட்டது. “எழுது. அபராதம் போடு. குழி ஓடிக்கிட்டுதான் இருக்குன்னு டவுனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா, அதைவிடப் பெரிய சாட்சி எவன் கொடுப்பான்? எழுதுடா!”

“நான் ஒண்ணும் பார்க்கலை அத்தை.”

“இப்பதானே பார்த்தே!”

“கண்ணுல தூசி. ஒண்ணும் தெரியலை. போதகரே, நீங்க ஏதாவது பார்த்தீங்களா?”

“நான் ஜெபத்தில் இருந்தேன்” என்றார் போதகர், மண்வெட்டியும் கையுமாக.

தனக்கு அபராதம் போடச் சொல்லி ஒருத்தி சண்டை போடுவதும், போட மாட்டேன் என்று அதிகாரி ஓடுவதும் அந்த ஊர் அதுவரை காணாத காட்சி. டுவைட் வண்டியில் ஏறினான். யூனிஸ் வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். அவன் ஹாரன் அடித்தான். அவள் நகரவில்லை. இத்தனை நாள் பிடித்து வைத்திருந்தது எல்லாம் உடைந்தது.

“அவன் எந்திரிச்சு வர்றப்ப, உன் குழி போயிடுச்சுன்னு நான் எப்படிடா சொல்லுவேன்? என்கிட்ட ஒண்ணும் கேட்டதே இல்லைடா, அந்த மனுஷன்.”

டுவைட் ஹாரனிலிருந்து கையை எடுத்தான். இறங்கி வந்தான். அத்தை அழுது அவன் பார்த்ததில்லை. சட்டைப் பையிலிருந்து அபராதச் சீட்டுக் கட்டை எடுத்து, வண்டியின் பானெட் மேல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, அது தன் சொந்த மரண ஓலை மாதிரி எழுதினான். சுற்றி நின்றவர்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்கள். யாரோ பெருமூச்சு விட்டார்கள். எல்லாருக்கும் தன் மேல் எத்தனை இரக்கம் என்று யூனிஸ் நினைத்துக்கொண்டாள்.

உடையைக்கூட மாற்றாமல், தலைமுடியில் சரளைத் தூசியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பரிசுக் கோப்பையைக் கொடுப்பது போல ஹார்லன் கையில் சீட்டைக் கொடுத்தாள்.

அவன் கண்ணாடி இல்லாமல் ஒரு தடவை வாசித்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தான்.

“லோடரை யாரு ஓட்டினா?”

“நான்தான். பின்னே, லைலோட மாடா ஓட்டும்?”

ஹார்லனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இடுப்பு வலித்தது. வலியில் கண்ணில் நீர் வந்தது. வலி போன பிறகும் நீர் நிற்கவில்லை. யூனிஸின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். ஊர் பார்க்க அப்படிச் செய்கிற மனுஷன் இல்லை அவன்.

“லோடர் கைப்பிடி இறுக்கமா இருந்திருக்குமே. கை காப்புக் காய்ச்சிடுச்சு பாரு.”

“காய்ச்சட்டும். இன்னும் ஒரு வருஷத்துக்கு உன் குழிக்கு ஆயுசு கெட்டி. இப்ப சந்தோஷமா?”

“சந்தோஷம்” என்றான் ஹார்லன். “ரொம்ப சந்தோஷம் யூனிஸ்.”

நர்ஸ் வந்து, நடக்கப் பழக்க வேண்டும் என்று அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். யூனிஸ் அவன் தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். மனசு நிறைந்திருந்தது.

பக்கத்துக் கட்டிலின் திரை விலகியது. காலில் மாவுக்கட்டோடு கிடந்த ஒரு கிழவர் எட்டிப் பார்த்தார். வெளியூர்க்காரர்.

“நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதே தாயி. ஒரு வாரமா மனுஷன் என்னைத் தூங்க விடலை, போனும் கையுமா உங்க ஊர்ல ஒருத்தர் விடாம கூப்பிட்டு, ‘எங்க வீட்டுக்காரி வந்து கேட்டா யாரும் சரளை வாங்கிடாதீங்கப்பா, இந்த வருஷத்தோட அந்தக் குழி சாகட்டும், கல்யாணமாகி வந்த நாள்லேருந்து தூசிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வெச்சிருக்கா, இனிமேலாவது அவ அதைத் தொறந்து வெச்சுக்கிட்டு ஒரு வாய் காப்பி குடிக்கட்டும்’னு கெஞ்சிக்கிட்டே கெடந்தாரு!”