பிரேக்குக்கு எண்ணெய்க் குளியல்

கடற்காற்றில் குடியிருப்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எந்த இரும்பையும் தேங்காயெண்ணெய் காப்பாற்றிவிடும். மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் கேட் கொண்டி, அரிவாள், தையல் மெஷின் எல்லாம் என் கையால் எண்ணெய் குளித்தவை. அந்த வரிசையில் காரின் பிரேக்கையும் சேர்த்த பெருமை எனக்கு மட்டுமே உண்டு. (பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உராய்வு விசை நடத்தும் இயற்பியல் ஆசிரியர் நான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எப்படியும் தெரிந்துவிடும்.)

எல்லாவற்றுக்கும் காரணம் பயம். மகள் ஜெபா புதிதாக லைசென்ஸ் எடுத்திருந்தாள். திருவனந்தபுரம் போகவிருந்த அவள் அம்மாவை மறுநாள் காலை இரணியல் ஸ்டேஷனில் தானே கொண்டுவிடுவதாகச் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை ஓட்டும் வண்டியில் பிரேக்காவது நன்றாக இருக்கட்டும் என்று ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைக் கழற்றினேன். உள்ளே பிரேக் டிஸ்க்குகள் துருவேறிச் சிவந்து கிடந்தன. யூடியூப்பில் பார்த்தபடி உப்புத்தாள் போட்டு உரசி, ஸ்பிரே அடித்துத் துடைத்தேன். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு மினுக்கம்.

வீடியோ அத்துடன் முடிந்தது. எனக்கு முடியவில்லை. விடிவதற்குள் உப்புக்காற்று மறுபடியும் துருவேற்றிவிடாதா? சமையலறையிலிருந்த தேங்காயெண்ணெய்க் குப்பியை எடுத்துவந்து, கைக்குழந்தைக்குத் தேய்ப்பதுபோல டிஸ்க்கின் இரண்டு பக்கமும் பதமாகத் தேய்த்துவிட்டேன்.

காலையில் தெருமுனை தாண்டியதுமே ஜெபா, பிரேக் வழுக்குவதுபோல இருக்கிறது என்றாள். சுத்தம் செய்த பிரேக் அப்படித்தான் இருக்கும் என்று பக்கத்துச் சீட்டிலிருந்து வாத்தியார் குரலில் விளக்கினேன். அவள் அழுத்தி அழுத்தி மிதித்தாள். கொஞ்ச நேரத்தில் காருக்குள் ஒரு வாசனை. பின்சீட்டிலிருந்த என் மனைவி கிரேஸ் மூக்கை உறிஞ்சினாள்.

"யாரு வீட்டுலயோ ஏத்தங்காய் வறுக்காவ."

அப்போது இரணியலுக்கு முன்னால் ஓர் இறக்கம் வந்தது. கீழே சாலையோரத்தில் ஒருவர் ஏத்தன் வாழைக்குலைகளை அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தார்.

"அப்பா, பிரேக்கு பிடிக்கல்ல."

நான் கண்ணை மூடிக் கர்த்தரைக் கூப்பிட்டேன். ஜெபா கூப்பிடவில்லை. கியரைக் குறைத்தாள், ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். கண்ணைத் திறந்தபோது வண்டி நின்றிருந்தது. பம்பருக்கும் குலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. முன்சக்கரங்களிலிருந்து புகை.

கிரேஸ் என்னைப் பார்த்தாள். "அதுல என்னத்தத் தேச்சிய?"

சொன்னேன்.

"உராய்வக் குறைக்க எண்ணெய் போடணும்னு நீங்கதானப்பா சொல்லித் தந்திய," என்றாள் ஜெபா.

குலைக்காரர் குனிந்து சக்கரத்தை முகர்ந்து பார்த்தார். "காய் எனக்க கிட்ட இருக்கு சாரே. எண்ணெயக் காய வச்சே கொண்டு வந்திட்டியளா?"

ரயில் எங்களுக்காக நிற்கவில்லை. வண்டி இன்னொரு வண்டியில் கட்டப்பட்டு ஒர்க்‌ஷாப் போனது. எண்ணெய் ஊறிய பிரேக் பேடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டினார்கள். அன்றிலிருந்து எங்கே போனாலும் ஜெபாதான் ஓட்டுகிறாள். நான் பின்சீட்டில், வாயைத் திறக்காமல்.

இப்போதும் வீட்டில் ஏத்தங்காய் வறுத்தால், உட்கார்ந்த இடத்திலேயே என் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். உள்ளறையிலிருந்து ஜெபாவின் குரல் வரும்: "அப்பா, ஹேண்ட்பிரேக் போடட்டா?"